மார்லிஸ் பாதியில் விட்டுப்போன ஆட்டம்

மார்லிஸ் செட்லாசெக்கைப் பற்றி எங்கள் லாங்க்ரீக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவர் எந்த ஆட்டத்திலும் பாதியில் எழுந்து போனதில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் என்பதும், ஊரில் பாதிப் பேரைக் குழந்தைகளாக இருந்தபோது வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டவர் என்பதும் அதற்குப் பிறகே நினைவுக்கு வரும்.

எங்கள் கல்லூரி சிறியது. தொலைக்காட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஊர் மொத்தமும் மைதானத்தில்தான் இருக்கும். நெப்ராஸ்காச் சமவெளியில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. எங்கள் இருக்கை வரிசைகளுக்குக் கூரையும் கிடையாது. செப்டம்பரில் அலுமினியப் பலகை தொடையைச் சுடும். நவம்பரில் அதே பலகை ஈரக் கையுறையைப் பிடித்துக்கொண்டு விடாது. இவ்விரண்டுக்கும் இடையே மழை, மூடுபனி, புழுதிக்காற்று எல்லாம் முறைவைத்து வரும். ஆடுபவர்கள் எதிரணியோடு மட்டும் மோதினால் போதாது. பார்க்க வந்தவர்களுக்கும் ஓர் ஆட்டம் உண்டு; கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்வரை உட்கார்ந்திருப்பதே அந்த ஆட்டம்.

மார்லிஸ் தன் கணவர் வெர்லினை முதன்முதலில் சந்தித்தது அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான். அன்று பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. பந்து கைகளிலிருந்து மீனைப் போல நழுவியது. எங்கள் அணி மிகவும் பின்தங்கியிருந்தது. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிவதற்குள் மேற்கு வரிசை காலியாகிவிட்டது. மார்லிஸை அழைத்து வந்த அண்ணனும் காரில் போய் உட்கார்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். மார்லிஸ் எழவில்லை. சற்றுத் தள்ளி, காலுக்கடியில் அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு நின்றிருந்த இளைஞன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்குன்னுதான் நினைக்கிறேன். அங்கேருந்து சேதி ஒண்ணும் வரல."

அவன் கோட்டுப் பையிலிருந்து இரண்டு ரொட்டிப் பைகளை எடுத்தான். எங்கள் பக்கத்தில் குளிர்கால ஆட்டத்துக்குப் போகிறவர்கள் காலுறைக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் பூட்ஸ் போடுவார்கள். மாற்றுக்கு இரண்டு வைத்திருப்பவன் முன்யோசனைக்காரன்.

"இதை மாட்டிக்க. ஈரம் ஏறாது."

"நல்ல பையை எனக்குக் கொடுத்துட்டு நீ என்ன பண்ணுவ?"

"நான் போட்டிருக்கறதுதான் நல்லது. இது பெரிய ரொட்டி. உன் காலைப் பாத்தேன், இதுதான் சரியா வரும்னு தோணுச்சு."

மார்லிஸ் சிரித்துக்கொண்டே பைகளை வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு இருவருக்கும் திருமணம். மணமகளின் கையிலிருந்த பூங்கொத்தின் காம்புகள் ஒரு ரொட்டிப் பையில் சுற்றப்பட்டிருந்ததைத் தேவாலயத்தில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பின் அவர்கள் பாதியில் எழுந்து போகாதது ஒரு பிடிவாதம் மட்டுமாக இருக்கவில்லை. அது அவர்களுடைய திருமணத்தின் அடித்தளமாகவே ஆகிவிட்டது. அன்று அண்ணனின் ஹாரனுக்கு எழுந்து போயிருந்தால் இந்த வாழ்க்கையே இல்லை என்பதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து காட்டினார்கள்.

தெற்குக் காற்று வெறிபிடித்து அடித்த ஆண்டில், எங்கள் பையன் உயர உதைத்த பந்து ஒரு கணம் அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டு அவன் தலைக்குப் பின்னாலேயே வந்து விழுந்தது. மார்லிஸ் அங்கே இருந்தார். மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் எதிர்ப் பக்க விளக்குகள்கூடத் தெரியவில்லை. அறிவிப்பாளரே யார் கையில் பந்து என்று ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றும் மார்லிஸ் இருந்தார். அடுத்த இருக்கைக்காரரான கோர்டி லேமர்ஸ், உழவுக் கருவிகள் விற்பவர், அவரைச் சீண்டினார்.

"மார்லிஸ், நீ எதைப் பாக்கற? எனக்கு என் முழங்காலே தெரியல."

"உன் முழங்கால் அப்படியொண்ணும் பாக்கறதுக்கு லட்சணமா இல்ல, கோர்டி. விடு."

"வீட்டுக்குப் போயி ரேடியோவுல கேக்கலாமே."

"ரேடியோக்காரனுக்கும்தான் ஒண்ணும் தெரியல. அவனுக்குத் துணைக்கு ஆள் வேண்டாமா?"

மகன் கோல்பி தாமதமாகப் பிறந்தவன், ஒரே பிள்ளை. உடல் பெரிதில்லை, வேகமும் இல்லை. ஆனாலும் எங்கள் கல்லூரிக்கு ஆடவேண்டும் என்று ஆசைப்பட்டான். அவனுக்கான இடத்தைக் கண்டுபிடித்தவர் மார்லிஸ். இந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைக்கும் தருணங்கள் குறைவு. அப்போது ஒருவன் குனிந்து நின்று, தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் நிற்பவனிடம் எறியவேண்டும். சரியாக எறிந்தால் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒருமுறை தவறினால் ஊரே சொல்லும்.

"வெயில் அடிக்கிற அன்னிக்கு இதை எவன் வேணா செஞ்சிடுவான்," என்று மார்லிஸ் மகனிடம் சொன்னார். "மழை பெய்யற அன்னிக்குத்தான் உன்னைத் தேடுவாங்க."

அதற்காக வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிறைத்து வைத்தார். பந்தை அதில் முக்கி எடுத்துத் தருவார், கோல்பி எறிவான், வெர்லின் தூரத்தில் நின்று பிடிப்பார். மார்ச் மாதத்தில் பக்கெட்டின் மேலே பனிக்கட்டி படர்ந்திருக்கும். மார்லிஸ் அதைக் குதிகாலால் உடைப்பார். "அம்மா, கை மரத்துப் போச்சு" என்பான் பையன். "நல்லது, நவம்பர்லயும் மரத்துதான் போகும்" என்பார் அவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலிருந்து கோல்பிதான் அந்த இடத்தில் ஆடினான்.

அவனுடைய கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்திய வசந்தத்தில் மார்லிஸுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோடை முடியும்போது படுக்கையோடு ஆகிவிட்டார். எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் உள்ள மருத்துவமனையில் சாளரம் உள்ள ஓர் அறையில் வைத்திருந்தார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு உடன் இருக்கிறேன் என்றான் கோல்பி. மார்லிஸ் சம்மதிக்கவில்லை. அவன் அறைக்கு வெளியே வந்து தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நேரம் வந்தா எனக்குச் சொல்லணும். எங்க இருந்தாலும் சொல்லணும். மறைச்சிடாத."

"சொல்றேன்டா."

"சத்தியமா?"

"சத்தியமா."

செப்டம்பரின் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை மாலை கோல்பி வந்து போனான். மார்லிஸ் தெளிவாக இருந்தார். அவன் நெற்றியைத் தொட்டு, முடி வெட்டிக்கொள்ளச் சொன்னார். "நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்" என்று சொல்லிப் போனான். சனிக்கிழமை காலையில் மூச்சின் போக்கு மாறிவிட்டது. செவிலி ரோண்டா எங்கள் ஊர்ப் பெண்தான். சிறு வயதில் மார்லிஸின் பேருந்தில் பள்ளிக்குப் போனவள். அவள் வெர்லினைத் தனியே அழைத்து, இன்று இரவைத் தாண்டுவது கடினம் என்றாள். வெர்லின் உடனே தொலைபேசியை எடுத்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாருக்குக் கூப்பிடற?"

வெர்லினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கோல்பிக்கு."

"வேண்டாம். ஆட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் கூப்பிடு."

"மார்லிஸ்..."

"ஒரு மணிக்குத் தொடங்கினா நாலரைக்குள்ள முடிஞ்சிடும். அஞ்சு மணிக்கு இங்க இருப்பான். அதுவரைக்கும் நான் எங்க போயிடப் போறேன்? பாதியில எழுந்து போனதை நீ என்னிக்காவது பாத்திருக்கியா?" பிறகு சற்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சத்தியம் பண்ணு."

வெர்லின் செய்துகொடுத்தார். மகனுக்கும் மனைவிக்கும் கொடுத்த வாக்குகள் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. ஆட்டம் என்பது முடியக்கூடியது. நாலரை என்பது அவ்வளவு தொலைவில் இல்லை. அறையில் வானொலியைப் போட்டு வைத்து, நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கன்சாஸிலிருந்து வந்த அணி அது. புழுக்கமான பகல். முதல் பாதியில் கோல்பி குனிந்து எறிந்த பந்துகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. வழக்கம்போல அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் பகுதி தொடங்கிச் சிறிது நேரத்தில் மேற்கே வானம் ஊதா நிறமாயிற்று. காற்று திடீரென நின்றது. பிறகு அடிவானத்தில் ஒரு கோடு வெள்ளையாகக் கிழிந்தது. நடுவர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

எட்டு மைலுக்குள் மின்னல் விழுந்தால் மைதானத்தைக் காலி செய்யவேண்டும். கடைசி மின்னலிலிருந்து அரைமணி நேரம் கழிந்த பிறகே மீண்டும் ஆடலாம். அந்த அரைமணிக்குள் இன்னொரு மின்னல் விழுந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆடுபவர்கள் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். நாங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் குவிந்தோம். வெளியே புள்ளிப் பலகையில் கடிகாரம் மூன்றாம் பகுதியில் நின்றபடியே ஒளிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது.

கூடத்தில் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் விற்றார்கள். பிள்ளைகள் கூடைப்பந்து வளையத்துக்குத் தொப்பியை எறிந்து விளையாடினார்கள். அரைமணி முடிவதற்குச் சற்று முன் சாளரங்கள் வெளுத்தன. எல்லோரும் "ஓ" என்று முனகினோம். மறுபடியும் அரைமணி. அதுவும் முடியப் போகிற நேரத்தில் மறுபடியும் வெளிச்சம்.

"அந்த மேகத்துக்கு யாரோ நம்ம கடிகாரத்தை காட்டிக் குடுத்துட்டாங்கப்பா," என்றார் கோர்டி. "சரியா கடைசி நேரத்துல வருது பாரு."

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வெர்லின்தான் பேசினார்.

"அங்க எப்படி இருக்கு?"

"இருட்டிக் கிடக்கு. உள்ள உக்காந்து தின்னுட்டிருக்கோம். மார்லிஸ் எப்படி இருக்கா?"

"கேட்டுட்டிருக்கா."

"கோல்பிகிட்ட ஏதாவது சொல்லணுமா? நான் வேணா உள்ள போறேன். கோச் என்னை விடுவாரு."

வெர்லின் உடனே பதில் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் ஒருவர் மௌனமாக இருந்தால் அது என்ன என்று கோர்டிக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். ஆனால் வெர்லின் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவர்.

"வேண்டாம். ஆட்டம் முடியட்டும்."

உடைமாற்றும் அறையில் கோல்பி சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஆட்ட நாளில் பயிற்சியாளர் டேன்ஹார்ட் எல்லோருடைய தொலைபேசிகளையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்; எந்த இடையூறும் வரக்கூடாது என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். பையன்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தோற்றவன் காலணியை நாக்கால் துடைக்கவேண்டும் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். கோல்பி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தான்.

"செட்லாசெக், நீ ஏமாத்தற. குனிஞ்சு கால் வழியா எங்க சீட்டைப் பாக்கற."

"அதுக்குத்தானேடா கல்லூரியில எனக்கு இடம் குடுத்தாங்க."

மருத்துவமனைச் சாளரத்திலும் அதே மின்னல் தெரிந்தது. ரோண்டா இரண்டுமுறை அறைக்கு வந்து போனவள் மூன்றாம்முறை வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வெர்லின், ஆட்டம் நின்னு கிடக்கு. அந்தப் பையன் சும்மாதான் உக்காந்திருப்பான். இப்பவே கூப்பிடுங்க, அரைமணி நேரத்துல வந்துடுவான்."

"இன்னும் பத்து நிமிஷத்துல தொடங்கிடும்னு ரேடியோவுல சொல்றான்."

"ஒரு மணி நேரமா அதைத்தான் சொல்றான்."

"அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், ரோண்டா."

"அவன்கிட்டயும் பண்ணியிருக்கீங்கதானே?"

வெர்லின் தொலைபேசியைக் கையில் எடுத்தார். மகனுடைய எண்ணை அழுத்தினால் அது பூட்டிய பெட்டிக்குள் ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கோர்டியைத்தான் கூப்பிடவேண்டும். கூப்பிடவே எண்ணினார் என்று பிற்பாடு சொன்னார். நான் அதை நம்புகிறேன். அந்த வேளையில் மார்லிஸ் கண் திறந்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"யாரு முன்னால?"

"நாமதான். மூணு பாயிண்ட்."

"மழையா?"

"மழைதான்."

"பந்து நனைஞ்சிருக்கும்," என்றார் மார்லிஸ். உதட்டோரத்தில் ஏதோ திருப்தி தெரிந்தது. "பக்கெட்டுல முக்கி முக்கி எறிஞ்சவன். விடமாட்டான்."

ஆட்டம் நின்றுபோயிருக்கிறது என்பதை வெர்லின் சொல்லவில்லை. மகன் மழையில் நின்று நனைந்த பந்தைப் பழுதில்லாமல் எறிந்துகொண்டிருப்பதை மார்லிஸ் கண்முன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைக் கலைக்க வெர்லினுக்கு மனம் வரவில்லை. தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கட்டும், தொடங்கினால் முடிந்துவிடும், முடிந்தால் கூப்பிடலாம் என்று அவர் மனம் அந்த ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தது. வெளியே மறுபடியும் மின்னியது.

வானொலிக்காரருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பழைய ஆட்டங்களின் கதைகளைச் சொன்னார். விதைக்கடை விளம்பரத்தைப் படித்தார். லூத்தரன் தேவாலயத்தில் புதன்கிழமை நடக்கவிருந்த விருந்துக்கு யார் யார் என்ன சமைத்துக் கொண்டுவருகிறார்கள் என்பதை நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். உருளைக்கிழங்கு சாலட் இன்னார், பீன்ஸ் இன்னார், ஆப்பிள் பை இன்னார். அந்தப் பெயர்களுக்கு நடுவே எங்கேயோ மார்லிஸின் மூச்சு நின்றது. எந்தப் பெயரில் என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. எல்லாப் பெயர்களையும் கேட்டு முடித்த பிறகே தன் கையில் இருந்த கை மாறிவிட்டதை உணர்ந்தார்.

அதற்குச் சிறிது நேரம் கழித்து அறிவிப்பு வந்தது. கன்சாஸ் அணிக்கு நெடுந்தூரம் பேருந்தில் திரும்பவேண்டியிருந்தது; புயலோ நகர்வதாக இல்லை. இரு கல்லூரிகளும் பேசி ஆட்டத்தைக் கைவிட்டன. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அப்படி ஓர் ஆட்டம் நடந்ததாகவே கணக்கில் வராது. எடுத்த புள்ளிகள், ஓடிய கெஜங்கள், கோல்பி பிசகாமல் எறிந்த பந்துகள் எதுவும் எங்கும் எழுதப்படாது.

வெர்லின் கோர்டியை அழைத்தார். கோர்டி மழையில் உடைமாற்றும் அறையை நோக்கி ஓடியதை நான் பார்த்தேன். அந்த மனிதர் ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

கோல்பி ஆட்ட உடையோடு வந்தான். மணிக்கட்டில் சுற்றிய வெள்ளைப் பட்டைகூட அவிழ்க்கப்படவில்லை. உடையில் ஒரு துளிச் சேறும் இல்லை என்பதை ரோண்டா கவனித்தாள். கட்டிலருகே நெடுநேரம் நின்றான். பிறகு தந்தையைப் பார்த்துக் கேட்டான்.

"எப்போ?"

"மின்னல் நேரத்துல."

"ஆட்டம் நின்னதுக்கு அப்புறமா?"

வெர்லின் ஆமென்று தலையசைத்தார்.

"நான் சீட்டு ஆடிட்டிருந்தேன், அப்பா," என்றான் கோல்பி. "சும்மாதான் இருந்தேன். சீட்டு ஆடிட்டிருந்தேன்."

கத்தியிருந்தால் வெர்லினுக்கு எளிதாக இருந்திருக்கும். அடக்கத்தின்போது தந்தையும் மகனும் ஒரே குடையின்கீழ் நின்றார்கள். குடையைக் கோல்பிதான் பிடித்திருந்தான். தந்தைமேல் ஒரு துளி விழாமல் சாய்த்துப் பிடித்திருந்தான். ஆனால் அவர் பக்கம் முகம் திருப்பவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஆடினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, தீவனம் எடுத்துப் போட உதவிவிட்டுப் போனான். "சரிப்பா", "வர்றேன்ப்பா" என்பவற்றைத் தவிர இருவருக்குமிடையே பேச்சில்லை. கொட்டகைக்குப் பின்னால் பக்கெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் கவிழ்த்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டின் கடைசி ஆட்டம் நவம்பரில் வந்தது. அன்று கடைசி ஆண்டுப் பையன்கள் ஒவ்வொருவரும் பெற்றோரோடு மைதானத்தில் நடந்துவருவார்கள். தாய்மார்களுக்கு மஞ்சள் சாமந்தி ஒன்று தருவது வழக்கம். வெர்லின் மகனோடு தனியாக நடந்தார். பூவை நீட்டிய பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் மேலே வந்து, பக்கத்தில் மார்லிஸின் இருக்கையில் பூவை வைத்துவிட்டு, காலுக்கடியில் அட்டையை விரித்துக்கொண்டார்.

இரண்டாம் பகுதியில் பனி பெய்யத் தொடங்கியது. களத்தின் கெஜக் கோடுகள்மேல் படிந்த பனியை மண்வாரியால் தள்ளித் தள்ளிக் கோடுகளைக் காட்டவேண்டியிருந்தது. புள்ளிகள் சமமாக இருந்தன. சாமந்தி மறைந்துவிட்டது, அந்த இருக்கையில் சின்ன வெள்ளை மேடு மட்டும் இருந்தது. நான்காம் பகுதி பாதி கடந்திருக்கும். கோல்பி ஒருமுறை பனிக்குள் குனிந்து பந்தை எறிந்தான், சரியாகப் போயிற்று. வெர்லின் எழுந்தார்.

கால் மரத்துவிட்டது, நீட்டிக்கொள்ள எழுகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் அட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்க போற?" என்றார் கோர்டி.

"கீழ."

"இன்னும் ஆட்டம் முடியலயே, வெர்லின்!"

"தெரியும்," என்றார் வெர்லின்.

அவர் படிகளில் இறங்கி வாயிலைத் தாண்டிப் போனதை மேற்கு வரிசை முழுவதும் பார்த்தது. கீழே களத்திலும் ஒருவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெற்றியா தோல்வியா என்பது இங்கே தேவையில்லை. ஆட்டம் முடிந்து கோல்பி பின்வாயில் வழியாக வெளியே வந்தபோது, தந்தையின் டிரக் வாயிலை ஒட்டி நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பனி நிற்காமல் உருகிக்கொண்டிருந்தது. வெகுநேரமாக அங்கே நிற்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. அவன் ஏறி உட்கார்ந்து, மரத்துப்போன கைகளை வெப்பக்காற்றின் முன் நீட்டிக்கொண்டான்.

"கடைசி வரைக்கும் நீ இருக்கலயே," என்றான்.

"நீ வெளிய வர்றப்போ இங்க இருக்கணும்னு தோணுச்சு."

கோல்பி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"அம்மா இருந்தா திட்டியிருப்பா."

"திட்டட்டும்," என்றார் வெர்லின்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை. மைதானத்தின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்த பிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.